மெர்சரின் வீடு

சிகாகோவில் கறுப்பர்கள் வாழும் தெற்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மூன்று பேருக்குப் போன் போகும். உடலைக் குளிப்பாட்டி உடுத்திப் பெட்டியில் வைக்க ஒருவர், பூவுக்கு ஒருவர், வீடியோவுக்கு ஹோசியா பெட்வே. தேவாலயத்தில் இறுதி ஆராதனை நடக்கும்போது இடது ஓரத் தூணை ஒட்டிக் காமிராவோடு நிற்கும் அந்த உயரமான மனிதரை அங்கே தெரியாதவர்கள் கிடையாது. யார் எப்போது உடைந்து அழப்போகிறார்கள் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. "பெட்வே காமிராவை உன் பக்கம் திருப்பிட்டாரா? கைக்குட்டையை எடுத்து வெச்சுக்கோ" என்று பாடகர் குழுப் பெண்கள் தங்களுக்குள் கேலி பேசிக்கொள்வார்கள்.

அவர் ஒரு காலத்தில் சினிமா இயக்குநராக இருந்தவர் என்பது கொஞ்சம் வயதானவர்களுக்கு நினைவிருந்தது. "நீங்கதானே அந்த மெர்சர் படம் எடுத்தவரு? கடைசியில அந்த ஆளு துப்பாக்கியோட படியிறங்கி வருவானே, அப்பப்பா!" என்று யாராவது வந்து தோளில் தட்டுவார்கள். ஹோசியா தலையை ஆட்டிவிட்டு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவார். அந்தக் கடைசிக் காட்சியை அவர் எடுக்கவில்லை. பார்த்ததும் இல்லை.

இளவயதில் ஹோசியாவுக்கு ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ஃபிலிம் கழுவும் வேலை. செய்திக்காரர்கள் ஊரெல்லாம் சுற்றிப் படம் பிடித்து வந்து மேசையில் எறிவார்கள். இவர் இருட்டறையில் நின்று அதை மருந்துத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். தீ விபத்து, வேலைநிறுத்தம், போலீஸ் தடியடி என்று தன் தெருக்காரர்களே ஈர ஃபிலிமில் வந்து நிற்பார்கள். நெகட்டிவில் கறுப்பு வெள்ளை இடம் மாறி, தெரிந்த முகங்களெல்லாம் வெளிறித் தெரியும். பல வருடம் கழுவிய பிறகு அவருக்கு ஒன்று உறைத்தது. அடிபடும்போதுதான் நம் ஆட்களைப் படம் எடுக்கிறார்கள். சாப்பிடும்போது, சிரிக்கும்போது, வேலைக்குப் போகச் சோம்பிப் படுத்திருக்கும்போது யாரும் எடுப்பதில்லை. நான் எடுத்தால் என்ன?

நிலையத்தில் வீணாகிற மிச்சத் துண்டு ஃபிலிம்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்துவைக்க ஆரம்பித்தார். காமிராவை வார இறுதிக்கு இரவல் கேட்டால் கொடுத்தார்கள். நடிக்கத்தான் ஆள் இல்லை.

ஆள் தங்கை வழியாக வந்தான். எர்லீன் கட்டிக்கொண்ட டெல்மர் க்ரட்சர் நகரப் பேருந்து ஓட்டுநர். அகலமான தோள், தூக்கம் கலையாத கண். நவம்பர் மாத விருந்தில் எல்லோரும் வான்கோழியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, உயிரோடு ஒரு வாத்தைப் பைக்குள் மறைத்துக்கொண்டு பேருந்தில் ஏறிய கிழவியின் கதையை டெல்மர் சொன்னான். கையை ஆட்டவில்லை, குரலை மாற்றவில்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னான். மேசையில் இருந்தவர்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தார்கள். ஹோசியா சிரிக்கவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நான் ஒரு படம் எடுக்கப்போறேன். நீ நடிக்கிறியா?"

"பஸ்ஸ ஓட்டிக்கிட்டே நடிக்கணுமா, நிறுத்திட்டு நடிக்கணுமா?"

"எப்படி வேணா."

"சம்பளம்?"

"எர்லீன் எல்லாருக்கும் கோழி வறுத்துக் குடுப்பா."

"அது எனக்கு ஏற்கெனவே கெடைக்குதே மச்சான். வேற ஏதாவது யோசி" என்றான் டெல்மர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றான்.

இரண்டு குளிர்காலங்களின் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அந்தப் படத்துக்குப் போயின. வேலை இழந்த எஃகு ஆலைத் தொழிலாளி ஒருவன், பனி விழுவதற்குள் வீட்டைச் சூடாக்கும் பாய்லரைச் சரிசெய்துவிட அலைகிற கதை. 'பனிக்கு முந்தைய வாரம்' என்று பெயர் வைத்தார் ஹோசியா. எர்லீன் ஒரு கையில் விளக்கையும் ஒரு கையில் குழந்தையையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். தேவாலயத்தின் அடித்தளத்தில் மடக்கு நாற்காலி போட்டு முதல் முறையாகத் திரையிட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. நடுவில் ஒரு பெரியவர் எழுந்து, "அந்த பாய்லர் எங்க வீட்டுதுய்யா! அந்தச் சனியனுக்கு அப்படித்தான் இருமல் வரும்!" என்று கத்தினார். கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு சிரிப்பும் உச்சுக்கொட்டலுமாகப் படம் ஓடியது. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரில் அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. கலிபோர்னியாவிலிருந்து ஒரு ஸ்டுடியோ கூப்பிட்டது. ஹோசியா ஃபிலிம் கழுவும் வேலையை விட்டார். மனைவி லெனோரா புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்து ரயிலேற்றினாள்.

இரண்டாவது படத்துக்கு அவர் வைத்த பெயர் 'மெர்சரின் வீடு'. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் மெர்சர், கறுப்பர் யாரும் குடியேறாத ஒரு தெருவில் சொந்தமாக வீடு வாங்குகிறான். முதல் வாரமே முன் ஜன்னலில் செங்கல் வந்து விழுகிறது. ஹோசியா எழுதிய முடிவில் மெர்சர் மறுநாள் காலை ஜன்னலை அளக்கிறான், கடைக்குப் போய்க் கண்ணாடி வாங்கி வருகிறான், தானே மாட்டுகிறான். எதிர் வீட்டுப் புல்வெளிகளில் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். மெர்சர் கண்ணாடியைச் சட்டத்தில் ஒட்டும் மக்கைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போகிறான். ஒரு பேச்சு கிடையாது. கடைசி மூலையை அழுத்தி முடித்ததும் படம் முடிகிறது. அதற்காக டெல்மர் ஒரு கண்ணாடிக் கடையில் வாரக்கணக்கில் வேலை பழகினான்.

ஸ்டுடியோவில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். தயாரிப்பாளர் ஃபென்விக் நல்ல மனிதர்; தானே காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தார்.

"நான் உங்க பக்கம்தான் ஹோசியா. ஆனா டிக்கெட் வாங்கிட்டு வர்றவன் கண்ணாடி மாட்டறதப் பாக்கவா வருவான்? அவனுக்குக் கோபம் வரணும். மெர்சர் வீட்டுக்குள்ள போறான், துப்பாக்கியோட வர்றான். தெருவில இறங்கறான். அவ்வளவுதான் நான் கேக்கறது."

"மெர்சர்கிட்ட துப்பாக்கி கிடையாதுங்க."

"வாங்கிக் குடுங்க."

ஹோசியா மாட்டேன் என்றார். வாரங்கள் போயின. கடைசியில் ஸ்டுடியோ வேறு ஒருவரை வைத்து அந்தக் காட்சியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. வீட்டின் முகப்பை அங்கேயே செட் போட்டுக்கொள்ளலாம். டெல்மர் மட்டும் வந்தால் போதும்.

ஹோசியா சிகாகோவுக்கு ஓடிவந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டின் பின்பக்கச் சந்தில் டெல்மர் கார் கழுவிக்கொண்டிருந்தான்.

"போகாத மாப்ள. நீ போகலைன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. உன் மூஞ்சி இல்லாம எதை எடுப்பாங்க?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன் மச்சான். என் மூஞ்சி இல்லாம ஆகாதுன்னு இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் சொன்னதில்ல."

"விளையாடாத."

"விளையாடல. நீ எழுபது வயசுலயும் காமிராவுக்குப் பின்னாடி நிக்கலாம். நான் முன்னாடி நிக்கறவன். இந்த மூஞ்சி எத்தனை வருஷம் தாங்கும்? இப்ப வரமாட்டேன்னா அந்த ஊர்ல என்னை மறுபடி யாரு கூப்பிடுவா?"

"துப்பாக்கியத் தூக்கிட்டு ஓடறதுக்கா நாம இந்தப் படத்தை எடுத்தோம்?"

டெல்மர் துணியைப் பிழிந்தான். "போஸ்டர் மாதிரி ஒண்ணு அனுப்பியிருந்தாங்களே, 'ஹோசியா பெட்வேயின் படம்'னு. அதுல 'நாம' எங்க இருந்துச்சு? வேலை செய்யறப்ப நாம, மாட்டேன்னு சொல்றப்ப நாம. மத்த நேரமெல்லாம் நீதானே?"

பதில் வராதபோது எல்லோரும் சொல்வதை அவரும் சொன்னார். "போனா எனக்கு மாப்பிள்ளை கிடையாது."

"உன் தங்கச்சிக்குப் புருஷன் இருப்பான்ல? போதும்" என்று சொல்லிவிட்டு டெல்மர் வாளித் தண்ணீரைக் கார் மேல் ஊற்றினான்.

படம் 'மெர்சரின் பழி' என்ற பெயரில் வந்தது. நகர மையத்துப் பெரிய தியேட்டரில் வரிசை தெருமுனை திரும்பி நின்றது. ஹோசியா எதிர்ச்சாரியில் நின்று அந்த வரிசையைப் பார்த்தார். தெரிந்த முகங்கள் நிறைய இருந்தன. சிலர் கையசைத்து, "வாங்க பெட்வே, உங்க படம்தானே!" என்று கூப்பிட்டார்கள். தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தார்.

படம் ஓடியது. ஓடிய படத்தின் இயக்குநர் என்பதால் அவருக்குக் கலிபோர்னியாவில் கதவுகள் திறந்தன. பிடிவாதக்காரர் என்ற பேச்சும் கூடவே போயிருந்ததால் பாதியில் நின்றன. கதை சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வர ரசித்தவர்கள் மறுவாரம் போனை எடுக்கமாட்டார்கள். நாலைந்து தொலைக்காட்சித் தொடர்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பகுதி இயக்கினார். பாக்கி நாட்களில் கடற்கரைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து கதை எழுதினார். சினிமாவுக்கு வந்த ஆட்களே நிறைந்த கட்டடம் அது. காலையில் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் எல்லோரும் பளிச்சென்று சிரிப்பார்கள். யார் பெயரும் யாருக்கும் தெரியாது. பேசிப் பேசித் தீர்க்க வேண்டிய காட்சிகளை அவர் டெல்மரிடம்தான் பேசிப் பழகியிருந்தார். "இந்த இடத்துல அவன் உக்காருவானா, நிப்பானா?" என்று கேட்டால், டெல்மர் ஒரு நிமிடம் யோசித்து, "செருப்பைக் கழட்டுவான்" என்பான். அது சரியாகவும் இருக்கும். இப்போது அறைச் சுவரிடம் கேட்டுக்கொண்டார்.

லெனோரா தன் பள்ளிக்கூட வேலையையும் மகளின் படிப்பையும் விட்டுவிட்டு வர முடியாதென்று சிகாகோவிலேயே இருந்தாள். எப்போதாவது அவர் வீட்டுக்கு வந்தால், சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் ஓடுவதைப் பார்த்து, "இங்க வெட்டியிருக்கணும்... இப்ப வெட்டு... வெட்டுடா" என்று முணுமுணுப்பார்.

"ஹோசியா, நீ யார்கூடப் பேசற?" என்று ஒரு நாள் லெனோரா கேட்டாள்.

"யார்கூடயும் இல்ல."

"எங்ககூடவும் இல்ல, அதானே?" என்றாள். கத்தவில்லை. அடுத்த வருடம் மகளோடு சியாட்டிலில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போனவள் அங்கேயே வேலை தேடிக்கொண்டாள். மகள் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் போனில் பேசுவாள். குரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

ஹோசியா சிகாகோவுக்கே திரும்பி, ஒரு சலவைக்கடையின் மாடியில் குடியேறினார். நீராவி நாற்றம் சட்டையெல்லாம் ஏறியது. ஒரு தேவாலயத்தின் ஆண்டுவிழாவை வீடியோ எடுத்துத் தரச் சொல்லி யாரோ கேட்டார்கள். அதைப் பார்த்த இன்னொரு குடும்பம் தங்கள் தகப்பனாரின் அடக்கத்துக்குக் கூப்பிட்டது. அப்படியே தொழிலாகிவிட்டது. கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள், ஆனால் சாவுக்குத்தான் அவர் பேர்போனவர். துக்க வீட்டில் யாரும் இயக்குநரிடம் முடிவை மாற்றச் சொல்வதில்லை என்று அவரே ஒரு முறை சிரிக்காமல் சொன்னார்.

டெல்மருக்கும் சினிமா நெடுநாள் நிலைக்கவில்லை. திருடன், கைதி, மறுபடி திருடன் என்று சில வேடங்கள். ஒரு படத்தில் வசனம் பேசுவதற்கு முன்பே சுடப்பட்டான். பிறகு கூப்பிடுவது நின்றது. அவன் பழையபடி பேருந்து ஓட்டப் போனான்.

இரண்டு பேரும் ஒரே ஊரில்தான் இருந்தார்கள். டெல்மர் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் ஹோசியா தங்கையைப் பார்க்கப் போவார். எர்லீனும் அதைப் பற்றிப் பேசிப் பேசிச் சலித்துவிட்டாள். "அவரு ஷிப்ட் மாறியிருச்சு, இனிமே செவ்வாய்க்கிழமை வா" என்று அவளே சொல்லுமளவுக்கு ஆகிவிட்டது. மேசையில் பாதி குடித்த காபிக் கோப்பை இருக்கும். நாற்காலி முதுகில் சீருடைச் சட்டை தொங்கும். ஹோசியா வேறு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள். ஜனவரி மாதம். ஏரியிலிருந்து வந்த காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போனது. காமிராப் பெட்டியோடு நின்றிருந்த ஹோசியா, வந்த முதல் பேருந்தில் எதையும் பார்க்காமல் ஏறிவிட்டார். தலையில் விழுந்த பனியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தால் ஓட்டுநர் இருக்கையில் டெல்மர். தலை நரைத்திருந்தது. கன்னம் தொங்கியிருந்தது. தூக்கம் கலையாத அதே கண்.

டெல்மர் காசு போடும் பெட்டியின் வாயைக் கையால் மூடினான். 'உனக்கு வேண்டாம், போய் உட்கார்' என்று அர்த்தம். அந்தக் கை அப்படியே இருந்தது. பின்னால் ஏறியவர்கள் நெருக்கினார்கள்.

ஹோசியா காசை விரலில் பிடித்தபடி காத்திருந்தார். கடைசியில் டெல்மர் கையை எடுத்தான். காசு உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

"பின்னாடி எடம் இருக்கு சார்" என்றான் டெல்மர்.

சார் என்ற அந்த ஒரு சொல், கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்த பிறகும் ஹோசியாவின் காதைவிட்டுப் போகவில்லை. இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே பின் கதவு வழியாக இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்தார். போனில் கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தார். மறுநாளும் நினைத்தார். நினைப்பதே ஒரு வேலையாகிவிட்டது, கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு சில வருடம் கழித்து ஒரு பிப்ரவரி காலையில், வீட்டு வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்த டெல்மர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். எர்லீன் கதவைத் திறந்து பார்த்தபோது உயிர் போயிருந்தது.

மறுநாள் ஹோசியாவின் போன் அடித்தது.

"அண்ணே, சனிக்கிழமை அடக்கம். வீடியோ எடுக்க வா."

"எர்லீன்... நான் வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன். வீடியோவுக்கு வேற யாரையாவது..."

"வேற யாரு? ஊர்ல உள்ள பொணத்தையெல்லாம் அழகா எடுத்த. உன் மாப்பிள்ளை மட்டும் உனக்கு இளப்பமாப் போயிட்டாரா?" அவள் குரல் உடைந்தது, உடனே இறுகியது. "கறுப்பு டை கட்டிக்கிட்டு வா. அந்தப் பழுப்பு டை வேண்டாம், அதைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

சனிக்கிழமை அவர் இடது ஓரத் தூணை ஒட்டி நின்றார். வெள்ளைக் கையுறை போட்ட தேவாலயத் தொண்டர் பெண்கள் அழுது களைத்தவர்களுக்கு விசிறி கொடுத்தார்கள். பேருந்து ஓட்டுநர்கள் சீருடையில் மூன்று வரிசை வந்திருந்தார்கள். பாடகர் குழு எழுந்து பாட ஆரம்பித்ததும் எந்த முகம் உடையும் என்று காமிரா வழியாகத் தேடினார். அன்றைக்கு எதுவும் முன்கூட்டித் தெரியவில்லை. எல்லா முகமும் அழுதது. பெட்டி திறந்திருந்தது. அதை அருகில் போய் எடுப்பது வழக்கம். இன்றைக்குத் தூரத்திலிருந்தே எடுத்தார்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் தேவாலயத்தின் அடித்தளத்தில் சாப்பாடு. வறுத்த கோழி, வேகவைத்த கீரை, பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி, கேரமல் கேக். சாவு வீட்டுச் சோகம் சாப்பாட்டு மேசையில் கொஞ்சம் தளர்ந்தது. ஓட்டுநர்கள் டெல்மரின் கதைகளைச் சொல்லிச் சிரித்தார்கள். அப்போது டெல்மரின் மகள் ரொஷெல் சக்கர மேசையில் தொலைக்காட்சியையும் வீடியோ கேசட் கருவியையும் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்க! அப்பாவோட கடைசி சீன் போடப்போறோம்!"

போதகர் கையிலிருந்த கோழிக்காலைத் தட்டில் வைத்தார். "ரொஷெல், அதுல துப்பாக்கி வருமேம்மா. தேவாலயத்துக்குள்ளயா?"

"இது அடித்தளம்தானே போதகரே" என்றாள் எர்லீன். "சாமி மேல இருக்கு. அதுக்குக் கேக்காது."

கூட்டம் சிரித்தது. ஆனால் திரையில் வெறும் புள்ளிகள்தான் வந்தன. ரொஷெல் ஒயரை இழுத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மாமா, உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும். கொஞ்சம் வாங்களேன்" என்றாள்.

ஹோசியா காமிராவைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் முழங்காலிட்டார். இரண்டு ஒயர்கள் இடம் மாறிக் கிடந்தன. மாற்றிச் செருகினார். படம் சட்டென்று வந்தது. அவர் எழுந்து நகர்வதற்குள் பின்னால் நாற்காலிகள் நெருங்கி வந்து வழியை அடைத்துவிட்டன. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்துக்கு நேரே ஒரு கை தூரத்தில் மெர்சரின் வீடு.

அது மெர்சரின் வீடே இல்லை. அட்டை முகப்பு. கதை நடப்பது அக்டோபர் மாதச் சிகாகோவில்; அங்கே அப்படி வெயில் அடிக்காது. காமிரா காரணமில்லாமல் பாய்ந்து பாய்ந்து போனது. இவ்வளவு காலம் மனசுக்குள் வைத்து வெறுத்த காட்சி இதுதானா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. யாரோ அவசரத்தில் எடுத்த ஒரு சாதாரணக் காட்சி.

கதவு திறந்தது. டெல்மர் வந்தான், அந்தப் பழைய அகலத் தோளோடு. கையில் துப்பாக்கி. பின்னாலிருந்து, "வந்துட்டான்யா நம்ம டெல்மர்!" என்று குரல் எழுந்தது.

ஹோசியா எதிர்பார்த்தது ஆத்திரத்தை. டெல்மர் முகத்தில் அது இல்லை. செய்யப் பிடிக்காத ஒன்றைச் செய்யக் கிளம்பிய மனிதனின் களைப்பு இருந்தது. முதல் படியில் கால் வைத்தான். இரண்டாவது படிக்கு இறங்குமுன் இடது கை தன்னையறியாமல் கைப்பிடியைத் தேடியது. கண் ஒரு கணம் கீழே போய்ப் படியைப் பார்த்துவிட்டு மேலே வந்தது. புது வீடு. குடி வந்து ஒரு வாரம்கூட ஆகாத வீட்டின் படிகள் காலுக்குப் பழகியிருக்காது. கொலை செய்யப் போகிறவனுக்கும் படி தடுக்கும்.

அதை அந்த இயக்குநர் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. காமிரா அதைக் கவனிக்கக்கூட இல்லை. அது பாட்டுக்குத் துப்பாக்கியைத் தேடிப் பாய்ந்தது. தனக்கே இப்படி ஒன்று தோன்றியிருக்காது என்று ஹோசியாவுக்குத் தெரிந்தது. டெல்மரை நடிகனாக்கியவர் தான்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தார். தான் பக்கத்தில் இல்லாத நாளில்தான் அவன் இதைச் செய்திருக்கிறான்.

துப்பாக்கி வெடித்தது. கூடம் கை தட்டியது. ஒரு குழந்தை பயந்து அழுதது.

"மாமா, நாங்க படம் பாக்கறத வீடியோ எடுத்தீங்களா?" என்று ரொஷெல் கேட்டாள்.

"எடுக்கலம்மா."

எர்லீன் சமையலறையில் கேக் துண்டுகளை அலுமினியத் தாளில் மடித்துக்கொண்டிருந்தாள். ஹோசியா வாசலில் போய் நின்றார்.

"நல்லா பண்ணியிருக்கான்" என்றார்.

"எது?"

"அந்தப் படியிறங்கறது. அந்த இரண்டாவது படியில..." இடது கையால் காற்றில் கைப்பிடியைத் தேடிக் காட்டினார்.

எர்லீன் மடிப்பதை நிறுத்தவில்லை. "காலையில வரைக்கும் மேல பெட்டியிலதானே படுத்திருந்தாரு. அவருகிட்ட சொல்லியிருக்கலாம்."

ஹோசியா ஓரத்தில் கிடந்த அலுமினியத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"படம் வந்த வாரத்துல இருந்து அந்த மனுஷன் எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'உங்கண்ணன் பாத்தானா?' மொதல்ல வாராவாரம் கேட்டாரு. அப்புறம் எப்பவாவது கேட்டாரு. அப்புறம் கேக்கறத விட்டுட்டாரு." அவள் ஒரு தட்டை எடுத்துக் கோழி, கீரை, மக்ரோனி எல்லாம் வைத்து மூடி அவர் கையில் திணித்தாள். "போய்ச் சாப்பிடு. எலும்பா நிக்கற."

அந்த வாரம் முழுக்க ஹோசியா அடக்க வீடியோவை வெட்டி ஒட்டினார். மற்றக் குடும்பங்களுக்கு இரண்டே நாளில் முடிந்துவிடுகிற வேலை. ஓட்டுநர்களின் சீருடை வரிசையை எவ்வளவு நேரம் வைப்பது, ரொஷெலின் அழுகையை எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் கை தயங்கியது. கீழே சலவைக்கடை இயந்திரம் உருண்டுகொண்டே இருந்தது. ஒரு நாள் சியாட்டிலுக்குப் போன் போட்டார். மகள் எடுத்தாள். "அப்பா? என்னாச்சு? யாருக்கும் ஒண்ணுமில்லையே?" என்று பதறினாள். டெல்மர் போய்விட்டதைச் சொன்னார். "எனக்கு அவரைச் சரியா ஞாபகம் இல்லப்பா" என்றாள். வேலை நேரம் என்பதால் அதிகம் பேச முடியவில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிற்பகலில், கேசட்டை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். எர்லீன் அதை வாங்கிப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தாள்.

"பாக்கலையா?"

"பொணத்தைத்தான் பாத்தாச்சே. ஆளக் காட்டு. அந்த மெர்சர் படத்தை மொதல்ல இருந்து போடு. நீயும் நானும் அதைச் சேந்து பாத்ததே இல்லல்ல?"

இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். பெயர்கள் ஓடும்போதே எர்லீனின் தலை சாய ஆரம்பித்தது. கணவன் போனதிலிருந்து சரியான தூக்கமில்லை என்று சொல்லியிருந்தாள். மெர்சர் வீட்டுச் சாவியை வாங்குவதற்குள் தூங்கிப்போனாள். ஹோசியா ஒரு போர்வையை எடுத்து அவள் மேல் போட்டுவிட்டு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பார்த்தார்.

தான் எடுத்ததைத் தானே பார்த்தது அதுவே முதல் தடவை போல இருந்தது. சில இடங்கள் நன்றாக வந்திருந்தன. சில இடங்களில் டெல்மர் நகர விரும்புவது தோளில் தெரிந்தது; இவர்தான் அவனை ஒரே இடத்தில் ஆணி அடித்தது போல நிறுத்தி வைத்திருந்தார். ஒரு காட்சியில் மெர்சர் மனைவியிடம் பேசிக்கொண்டே தபால்காரத் தொப்பியை மேசையில் வைக்கிறான், எடுக்கிறான், வேறு பக்கம் வைக்கிறான். 'தொப்பியோட விளையாடாத மாப்ள' என்று அன்றைக்குத் திட்டியது ஞாபகம் வந்தது. தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாத வீடு அது. டெல்மருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

படிகள் வந்தன. கை கைப்பிடியைத் தேடியது. துப்பாக்கிச் சத்தத்தில் எர்லீன் விழித்துக்கொண்டாள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"எப்படி இருந்துச்சு?"

ஹோசியா சொல்ல ஆரம்பித்தார். தொப்பியைப் பற்றிச் சொன்னார். சாவி வாங்கும் இடத்தில் காமிராவை இன்னும் கீழே வைத்திருக்க வேண்டும் என்றார். அங்கே டெல்மரை உட்காரச் சொன்னது தப்பு, நிற்கவிட்டிருந்தால் அவனே ஏதாவது செய்திருப்பான் என்றார். ஜன்னல் உடையும் காட்சிக்கு முன்னால் வேறொரு காட்சி எழுதி வைத்திருந்ததையும், அதை ஏன் விட்டார் என்பதையும் சொன்னார். எர்லீன் கொஞ்ச நேரம் உம் கொட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இரு, கோழி மிச்சம் இருக்கு. சூடு பண்ணிக் கொண்டுவர்றேன்."

அவள் சமையலறைக்குப் போனாள். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. ஹோசியா திரையைப் பார்த்தபடி, கைவிரல்களால் காற்றில் ஒரு படச்சட்டம் போட்டுக்கொண்டு, அந்தப் படிக்காட்சியில் காமிரா எங்கே நின்றிருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தார்.